பழைய டெம்போ டிராவலர்: இன்ஜினை விடுங்கள், அடியைப் பாருங்கள்

"பென்ஸ் இன்ஜின்ணே, கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்." டெல்டாவில் பழைய டெம்போ டிராவலர் விற்கிற புரோக்கர்கள் எல்லோருக்கும் இந்த ஒரு வசனம் பாடம். இன்ஜின் விஷயத்தில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் தஞ்சாவூரிலிருந்து கிழக்கே கடல் வரைக்கும் ஓடிய டிராவலர்கள் இன்ஜின் போய் மூலையில் நிற்பது அபூர்வம். அடித்தகரம் அரித்துப் போய்த்தான் நிற்கின்றன. கண்ணை நன்றாகத் திறந்து, படிக்கட்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்து வாங்க வேண்டிய வண்டி இது.

இங்கே பேசுவது பழைய முகமுள்ள, டர்போ இல்லாத, 2.4 லிட்டர் ஓ.எம்.616 டீசல் இன்ஜின் போட்ட டிராவலரை. டிரைவர் நீங்கலாக 12 பேர் உட்காரும் மேக்ஸி கேப் ரகத்தை. காமன் ரயில் (மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசல் பாய்ச்சும்) இன்ஜினோடு வந்த பிந்தைய வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும், சென்சார் வேண்டும். அவற்றின் கணக்கே வேறு. பழையதில் முக்கால்வாசி வேலை ஸ்பேனரிலும் ஃபீலர் கேஜிலும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) முடிந்துவிடும். ரோட்டோரப் பட்டறைகளில் இன்றைக்கும் இதற்குக் கை பழகிய ஆள் கிடைப்பது அதனால்தான்.

ஹாம்பர்க், புனே, நடுவில் கொரியா

டிராவலருக்கு முன்னால் மெட்டடார். வேன் என்றாலே மெட்டடார் என்று இருந்த காலத்தில், கல்யாணத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் வாசலில் வந்து நின்றது அதுதான். அதன் பூர்வீகம் ஜெர்மனி. ஹாம்பர்க்கில் விடால் அண்ட் சோன் என்ற நிறுவனம் டெம்போ என்ற பெயரில் மூன்று சக்கர வண்டிகளும் சிறு வேன்களும் செய்துவந்தது. அதன் கூட்டோடு 1958-இல் என்.கே. ஃபிரோதியா, பின்னாளில் புனேயில் ஊன்றிய பஜாஜ் டெம்போவைத் தொடங்கினார். முதலில் மூன்று சக்கர டெம்போ, 1969-இல் மெட்டடார். அதற்குள் ஜெர்மனியில் டெம்போ ஹனோமாக் என்ற இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போய், அந்த ஹனோமாக் மெர்சிடிஸ் செய்யும் டைம்லர்-பென்ஸ் கைக்குப் போனது. அதனால் மெட்டடாரின் ஜெர்மன் சகோதரன் எல்.206, எல்.306 என்ற பெயர்களில் மெர்சிடிஸ் நட்சத்திரத்தோடு அங்கே ஓடினான். இங்கே மெட்டடாருக்குள்ளும் பின்னாளில் மெர்சிடிஸின் ஓ.எம்.616 வந்து உட்கார்ந்தது. 1973-இல் மெர்சிடிஸ் 240 டி காரில் வந்த அதே குடும்பத்து இன்ஜின்.

மெட்டடார் முன்சக்கர இழுவை வண்டி. பின்னால் ஆளும் மூட்டையும் ஏற ஏற எடை பின்சக்கரத்துக்குப் போகும், முன்சக்கரம் பிடி இழக்கும். மழை பெய்த ஆற்றங்கரையில், பாலத்துக்கு ஏறுகிற அந்தச் சின்ன மேட்டில் சக்கரம் சும்மா சுற்றும். ஸ்டீயரிங் திரும்புகிற சக்கரமே இழுக்கவும் வேண்டியிருப்பதால் முன்பக்க ஜாயின்ட்களும் சீக்கிரம் தேயும். மெர்சிடிஸ் 1977-இல் டி1 என்ற புது வேனைக் கொண்டுவந்தபோது பின்சக்கர இழுவைக்கு மாறியது. பிரேமன் நகரத்து ஆலையில் செய்ததால் அங்கே அதை 'பிரேமர்' என்பார்கள். அந்த டி1-தான் 1987-இல் பஜாஜ் டெம்போ வழியாக இங்கே டிராவலர் ஆனது. 2005-இல் கம்பெனிக்கு ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியும் ஊர் வாயில் அது இன்னும் டெம்போ டிராவலர்தான்.

இதே மெர்சிடிஸ் வீட்டிலிருந்து இன்னொரு கிளை கொரியாவுக்குப் போனது. ஸ்பெயினின் விட்டோரியா ஆலையில் எம்.பி.100 என்றொரு வேன் செய்தார்கள். அதுவும் முன்சக்கர இழுவை. அதன் வேர் டி.கே.டபிள்யூ.வின் பழைய ஸ்பானிய வேனில் இருந்தது. கொரியாவின் சாங்யாங் 1990-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸோடு தொழில்நுட்பக் கூட்டு வைத்து, 1993-இல் முஸ்ஸோ ஜீப்பையும் 1995-இல் எம்.பி.100-ஐ வைத்து இஸ்தானா மினிபஸ்ஸையும் இறக்கியது. மெர்சிடிஸ் வடிவமைத்த 2.9 லிட்டர், ஐந்து சிலிண்டர் டீசல். 12 பேர், 15 பேர் வகைகள். ஏற்றுமதிக்குப் போன சில நாடுகளில் இதே வண்டி மெர்சிடிஸ் நட்சத்திரத்தோடு எம்.பி.100, எம்.பி.140 என்று விற்றது. அடியில் ஜாயின்ட் ராடு (பின்சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் தண்டு) ஓடாததால் தரை தாழ்ந்து இருக்கும். வயதானவர்கள் ஏறி இறங்க வசதி. வண்டியாக மட்டும் பார்த்தால் நம் டிராவலரைவிட இஸ்தானா ஒரு படி மேல்தான்.

ஆனால் அது பிறந்த நேரம் சரியில்லை. ஸ்பெயினில் எம்.பி.100-க்கு மூடுவிழா நடந்து, வீட்டோவுக்கு இடம்விட்ட சமயத்தில்தான் கொரியாவில் இஸ்தானா தொடங்கியது. ஆசியப் பொருளாதார நெருக்கடியில் சாங்யாங் டேவூ கைக்குப் போனது. 2003-இல் கொரியாவில் இஸ்தானா நின்றது. அடுத்து ஆள் ஏற்ற வந்த ரோடியஸ் வேறு மாதிரி வண்டி, மினிபஸ்ஸே இல்லை. 2011-இல் மஹிந்திரா சாங்யாங்கை வாங்கியபோது அந்தக் கடையில் வேன் என்று எதுவும் மிச்சமில்லை. இங்கே கதை நேர் எதிர். ஜெர்மனியில் 1995-இல் டி1 நின்று ஸ்ப்ரின்டர் வந்தபிறகும் புனேக்காரர்கள் அதே அச்சை விடாமல் ஓட்டினார்கள். புது டிசைன் இல்லையே என்று அப்போது குறை சொன்னவர்கள் உண்டு. கதவுக் கண்ணாடி, ஹின்ஜ், கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), பம்ப் சாமான் என்று பழைய வண்டிக்கு இன்றும் திருச்சி கடைகளில் கேட்டு வாங்க முடிவது அந்தப் பிடிவாதத்தால்.

அடித்தகரம்: முதல் ஒரு மணி நேரம் இங்கே போகட்டும்

எடுத்துப் போக வேண்டியவை மூன்று: நல்ல டார்ச், தடித்த ஸ்க்ரூ டிரைவர், துணி சுற்றிய சின்னக் காந்தம். வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொல்லுங்கள். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி நின்றால் உடம்பு சாய்ந்திருப்பது தெரியாது.

முதலில் பயணிகள் கதவைத் திறந்து படிக்கட்டு. அங்கே ரப்பர் மேட்டைத் தூக்கிவிட்டு, படியும் தரையும் சேரும் மூலையில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும். அரித்த தகரம் மொத்தையாகக் கேட்கும்; முனையை வைத்து லேசாக அழுத்தினால் பொத்தென்று இறங்கி, செம்பழுப்புத் தூளாக உதிரும். மழைக்காலம் முழுக்க ஈரக் காலோடு ஏறுகிறவர்கள் விடுகிற தண்ணீர் மேட்டுக்கு அடியில் தேங்கி நிற்கிறது, காய வழியில்லை. பிளைவுட் தரை போட்ட வண்டியில் பலகை ஊறித் தகரத்தை ஈரத்திலேயே வைத்திருக்கும். மேலே புது வினைல் மேட் பளபளவென்று இருந்தால், ஓரத்தைக் கிளப்பிப் பார்க்காமல் நகராதீர்கள்.

அடுத்து பக்கவாட்டுக் கீழ்ப்பட்டை, சக்கர வளைவு. காந்தம் இங்கேதான் பயன்படும். தகரத்தில் ஒட்டும், பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) போட்ட இடத்தில் நழுவும். பட்டி கொஞ்சம் இருப்பது குற்றமில்லை, பழைய வண்டிக்கு இடிபாடு சகஜம். ஆனால் கீழ்ப்பட்டை நீளத்துக்கும் பட்டி என்றால் உள்ளே தகரமே இல்லை என்று பொருள்.

பிறகு படுத்துப் பாருங்கள். பின்சக்கரக் கமான் பட்டை தொங்கும் ஹேங்கர், ஷாக்கிள், அவை சேசிஸ் பட்டையோடு சேரும் இடம்: வண்டியின் எடையெல்லாம் அங்கேதான் இறங்குகிறது. அந்தப் பெட்டி போன்ற பகுதிக்குள் சேறும் வைக்கோல் தூளும் போய் அடைந்துகொள்கிறது. வெளியே வர ஓட்டை சின்னது. குறுவை அறுவடையிலும் தை அறுவடையிலும் அறுப்பு மெஷின் சக்கரத்தில் வந்த சேறு ரோடெல்லாம் கிடக்கும் அல்லவா, அதுதான். ஹேங்கரைச் சுற்றித் தகடு வைத்து வெல்டிங் அடித்திருந்தால் நின்று கவனியுங்கள். அரித்த பாகத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து, ஓரம் முழுக்க ஒரே கோடாக வெல்டிங் ஓடியிருந்தால் ஒத்துக்கொள்ளலாம். அரித்ததன் மேலேயே தகட்டைப் போர்த்தி, அங்கொன்றும் இங்கொன்றும் பொட்டு வைத்திருந்தால், அது எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டுவதற்காக ஒரு நாளில் செய்த வேலை. ஒரு வருஷம் தாங்காது. ஹேங்கர் பிய்ந்தால் பின் ஆக்சில் ஒரு பக்கம் பின்வாங்கி, வண்டி ஓடுகிற ஓட்டத்தில் பக்கவாட்டில் இழுக்கும்.

அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்பு அண்டர் கோட்டிங் அடித்து வைத்திருக்கும் வண்டியை நம்பாதீர்கள். விற்கிறதற்கு முந்தின வாரம் கோட்டிங் அடிக்கிறவர், உங்கள் நன்மைக்காக அடிக்கவில்லை. ஓரிடத்தில் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

டிஎன்-51 பதிவெண், அதாவது நாகப்பட்டினம் பக்கத்து வண்டி என்றால் இந்தச் சோதனையை இரண்டு மடங்கு நிதானமாகச் செய்ய வேண்டும். உப்புக் காற்று ஒரு காரணம். வேதாரண்யம் பக்கம் உப்பளச் சாலைகளில் ஓடியதென்றால் கேட்கவே வேண்டாம். உப்பு தகரத்தைத் தனியாகத் தின்பதில்லை, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தின்னும்; நின்றபடி கிடக்கும் வண்டி ஓடுகிற வண்டியைவிட வேகமாக அரிப்பது அதனால். 2018 நவம்பரில் கஜா புயலில் தண்ணீருக்குள் நின்ற வண்டிகளும் கைமாறிக் கைமாறிச் சுற்றுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே அழியாமல் இருக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் கட்டிலும் இருக்கும். இதற்கு நேர்மாறாக, பெரம்பலூர், கரூர் பக்கம் ஓடிய வண்டியில் பெயிண்ட் வெளுத்திருக்கும், சீட் கிழிந்திருக்கும், அடி மட்டும் காய்ந்த எலும்பாக நன்றாக இருக்கும். கொஞ்சம் கூடுதல் விலை கேட்டாலும் அதுதான் லாபம். சீட்டைத் தைத்துக்கொள்ளலாம்.

இன்ஜின்: காலையில் போங்கள், சொல்லாமல் போங்கள்

ஓ.எம்.616 நான்கு சிலிண்டர், முன்னறையில் டீசல் எரியும் பழைய முறை, கேம் ஷாஃப்ட்டை ஓட்டுவது செயின். பெல்ட் அறுந்து இன்ஜின் போகிற கவலை இல்லை. ஆனால் இந்த முறைக்கு, ஆறிய இன்ஜினை எடுப்பதுதான் உண்மையான பரீட்சை. ஹெட் மூடியில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஒருமுறை எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆறட்டும் என்று டீ குடித்துவிட்டு வருவது நல்லது.

ஹீட்டர் விளக்கு அணைந்ததும் ஆக்சிலேட்டர் மிதிக்காமல் செல்ஃப் அடியுங்கள். இரண்டு மூன்று சுற்றில் பிடித்தால் நலம். எடுத்ததும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அரை நிமிஷத்தில் தெளிந்தால் பயமில்லை. வெள்ளைப் புகையும் மூன்று கால் ஓட்டமும் (நாலில் ஒரு சிலிண்டர் எரியாமல் குலுங்குவது) சேர்ந்து வந்து, சூடானதும் சரியானால், சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் ஒன்று போயிருக்கிறது. பென்சில் வகைப் பிளக்கானால் ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் பார்க்கலாம், நல்லது ஒரு ஓம்முக்குக் கீழே காட்டும். பழைய வளையக் கம்பி வகையானால் நாலும் தொடர் இணைப்பு. ஒன்று அறுந்தால் நாலும் செத்தது போலத்தான். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது: வால்வு சீல் அல்லது ரிங். கறுப்புப் புகை பெரும்பாலும் டீசலைப் பீய்ச்சும் நாசிலின் வேலை, அல்லது அடைத்த ஏர் ஃபில்டர். அது சின்னச் செலவு, விலை பேச வசதி.

வண்டி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாக வாய் மேலேயே வைத்துவிடுங்கள். லேசாக ஆடினால் சரி. குதித்துக் கீழே விழுந்தால், புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டனைத் தாண்டிக் காற்று இறங்குகிறது. ரிங் அல்லது சிலிண்டர் போர் வேலை காத்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல நிலையில் 22 முதல் 24 பார். 15-க்குக் கீழே போனால் ஓவராலிங். சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மாற்றிய ஆயில் மறுநாளே கறுத்திருப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள், இந்த ரக டீசலில் அது இயல்பு.

"டப்பெட் சத்தமே இல்ல பாருங்க" என்பது விற்கிறவர் பெருமை. இந்த இன்ஜினில் அது பெருமைப்பட வேண்டிய விஷயமில்லை. ஓடஓட வால்வு அதன் இருக்கையில் பதிந்து இறங்கும், அதற்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விட்ட இடைவெளி குறையும். குறைந்துகொண்டே போனால் சத்தம் அடங்கும். கூடவே வால்வு முழுக்க மூடாமல் கம்ப்ரஷனும் போகும், காலையில் எடுக்கத் தகராறு செய்யும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். ஆறிய இன்ஜினில் இன்டேக் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. இரண்டு 14-ஆம் நம்பர் ஸ்பேனர்களும் ஒரு ஃபீலர் கேஜும் போதும், ஒரு காலைப்பொழுது வேலை. 15,000 கி.மீ.க்கு ஒருமுறை செய்தால் இன்ஜின் உங்களைவிட அதிக நாள் இருக்கும். காலை ஸ்டார்ட்டிங் தகராறுக்காக ஓவராலிங் எஸ்டிமேட் வாங்கி வந்த வண்டிகள் பலவற்றுக்கு டப்பெட் வைத்தாலே, அதாவது இந்த இடைவெளியைச் சரிசெய்தாலே, தீர்ந்துவிடும். முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள், பிறகு மற்றது.

இன்னொரு நம்மூர் வைத்தியம்: சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கி எறிவது. மற்ற சில இன்ஜின்களில் அது பிழைத்துக்கொள்ளும். இதில் கூடாது. இந்தத் தெர்மோஸ்டாட் 80 டிகிரியில் ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, கீழ்த்தட்டால் குறுக்கு வழியை அடைக்கிறது. கழற்றிவிட்டால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி, முன்பைவிடச் சூடேறும். உண்மையான காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரில் இருக்கும். கடலோர ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பு. அதை ஊற்றி ஊற்றி உள்ளே காரை கட்டியிருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து (ஆறிய பிறகுதான்) விரலை விட்டுப் பாருங்கள்: வெள்ளைப் படிவு தட்டுப்பட்டால் ராடு விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும். அதற்குப்பின் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் நிற்காமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட், அல்லது ஹெட்டிலேயே விரிசல். அந்த வண்டியை விட்டுவிடலாம்.

இரவு நின்று காலையில் ஏர்லாக் ஆகிறது என்றால் மைக்கோ ஃபீட் பம்பின் கைப்பிடி ரப்பரையும் டீசல் குழாய் வாஷர்களையும் மாற்றச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு. ஏர் எடுப்பது எளிது: ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பிடியைத் திருகி விடுவித்து, குமிழியில்லாமல் டீசல் வரும்வரை அடித்து, ஸ்க்ரூவை இறுக்கி, பிறகு நாசில் நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் கொடுத்து, டீசல் பீய்ச்சியதும் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். கைப்பிடியைத் திரும்பத் திருகி இறுக்க மறந்தால் மறுநாளும் இதே வேலைதான்.

முன் ஆக்சில், பிரேக், ஓட்டம்

பழைய டிராவலருக்கு முன்னால் முழு ஆக்சில், கமான் பட்டை, கிங்பின் (முன்சக்கரம் திரும்புகிற அச்சாணி). முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். கிங்பின் புஷ் போட்டு லேத்தில் ரீம் அடிக்க வேண்டும், பேரிங் என்றால் மாற்றிவிட்டுப் போகலாம். கிரீஸ் நிப்பிளில் பழைய கிரீஸ் காய்ந்து மண்ணாக இருந்தால் கவனிப்பு இல்லாத வண்டி என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பிரேக்குக்கு ஒரு நிமிஷச் சோதனை: இன்ஜினை அணைத்து ஐந்தாறு முறை மிதியுங்கள், மிதி கெட்டியாகும். மிதித்தபடியே இன்ஜினை எடுத்தால் மிதி கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்யூம் பம்ப், குழாய், பூஸ்டர் இந்த மூன்றில் ஒன்று. கிளட்சுக்கு, ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாவது கியரில் மெதுவாக விடுங்கள், இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்தது.

ஓட்டத்துக்கு வந்தால், டெல்டாவுக்கென்றே அளந்து செய்த மாதிரி இருக்கும். ஏற்றம் என்று இங்கே இருப்பது கொள்ளிடப் பாலமும் நாலு மேம்பாலமும்தான். டர்போ இல்லாத இந்த இன்ஜின் 60 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க முனகாமல் போகும், ஏ.சி. இல்லாவிட்டால் லிட்டருக்கு 10 முதல் 12 கி.மீ. தரும். இரட்டை ஏ.சி. பொருத்தி, 12 பேரை ஏற்றி, கொடைக்கானலுக்குக் கிளம்பாதீர்கள். இரண்டாம் கியரில் ஊர்ந்தபடி பின்னால் வருகிறவர்களின் வசவை வாங்க வேண்டிவரும். கும்பகோணத்தில் கோயில் தெருக்களில் பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியைத் திருப்புவது தோளுக்கு வேலை. டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடி சித்திரை மாதத்தில் காலைச் சுடும். மூடியின் உள்பக்க மெத்தை பிய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், பாதி சூடும் பாதி சத்தமும் குறையும். கடைசி சீட் பின் ஆக்சிலுக்குப் பின்னால் இருப்பதால் தூக்கிப் போடும். பாட்டிகளை அங்கே உட்கார வைக்க வேண்டாம்.

ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயப்போட்டிருப்பது டெல்டாவுக்கே உரிய தொல்லை. வைக்கோல் மேல் ஏறினால் ஜாயின்ட் ராடு அதைச் சுருட்டிக்கொள்ளும், சென்டர் பேரிங் ரப்பரை அறுக்கும். சைலன்ஸர் பக்கம் சிக்கினால் தீப்பிடிக்கவும் வழியுண்டு. தவிர்க்க முடியாமல் ஏறிவிட்டால், தாண்டியதும் ஓரம் கட்டி, குனிந்து பார்த்துக் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டுப் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சக்கர மையம் மூழ்கும் தண்ணீரில் போயிருந்தால் பின் ஆக்சில் ஹவுசிங் ஆயிலைச் சோதியுங்கள். பால் கலந்த நிறம் என்றால் உடனே மாற்ற வேண்டும். ஏர் ஃபில்டருக்குள் தண்ணீர் போன சந்தேகம் இருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளையும்.

காகிதம்

மோட்டார் வாகனச் சட்டப்படி மேக்ஸி கேப் என்றால் டிரைவர் நீங்கலாக 6-க்கு மேல், 12 பேர் வரை. ஆர்.சி.யில் 12 என்று இருக்க, நடுவில் இரண்டு மடக்கு சீட் போட்டு 14 ஆக்கிய வண்டிகள் நிறைய. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் எண்ணுவது சீட்டைத்தான். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருஷாவருஷம், 15 வயது தாண்டியதற்கு 2022 ஏப்ரலிலிருந்து கட்டணமும் ஏறிவிட்டது. பசுமை வரி, காலாண்டு வரி ரசீதுகளைக் கையில் வாங்கிப் பாருங்கள். நிலுவை உங்கள் தலையில்தான் விழும்.

நவக்கிரகச் சுற்றுக்கு ஓட்ட வாங்குகிறவர் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். ஒன்பது கோயில்களில் எட்டு தமிழ்நாட்டில். சனி பகவான் மட்டும் திருநள்ளாற்றில், அது காரைக்கால் மாவட்டம், புதுச்சேரி. அரைமணிப் பயணம் என்றாலும் மாநிலம் தாண்டுகிறீர்கள். அதற்கேற்ற பர்மிட் வண்டிக்கு இருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று பாருங்கள். எல்லை தாண்டினால் டீசலும் விலை குறைவு, அதனால் சுற்றுலா வேன்காரர்கள் டேங்கை அங்கேதான் நிரப்புவார்கள்.

கடைசியாக இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர். இந்த வண்டிகளில் இன்ஜின் மாற்றுவது சகஜம். நல்ல இன்ஜின் போட்டிருந்தால் தவறுமில்லை. ஆனால் மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். பிளாக்கில் குத்தியிருக்கும் நம்பரை டீசல் துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போகும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.